போக்குவரத்துத் தரவுகளை எல்லாம் ஒரே தரநிலைக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீருமா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு நகரத்தின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில், தரவுகளை ஒருங்கிணைக்கும் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். பேருந்து நிறுவனம், மெட்ரோ, சாலைத் துறை, வாடகை மிதிவண்டி நிறுவனம் என்று நான்கு பக்கமிருந்தும் தரவு வருகிறது. நான்கும் நான்கு வடிவம். "எல்லாரையும் ஒரே தரநிலைக்கு மாறச் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடாதா? மாறுவதென்றால் எதற்கு மாறுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்தத் தரநிலை என்பது இதில் எளிய பாதி. உங்களை உண்மையில் வாட்டப்போவது கேள்வியில் நீங்கள் எழுதாமல் விட்ட மறுபாதி. இரண்டு நிறுவனங்கள் ஒரே சொல்லை எழுதும்போது ஒரே பொருளில்தான் எழுதுகின்றனவா? வடிவத்தை மாற்ற ஒரு நிரல் போதும். பொருளே வேறு என்றால், அளந்தவரிடம் போய்க் கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பதினைந்து ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். பெரும்பாலும் மையத்துக்கும் மையத்துக்கும் இடையிலான பரிமாற்றம், பயணிகளுக்கான தகவல் ஆகிய இரண்டிலும்தான் என் அனுபவம். வண்டியும் வண்டியும் ரேடியோ வழியாகப் பேசிக்கொள்ளும் பக்கத்தை மையத்தில் உட்கார்ந்து செய்திகளைப் பெறுபவனாக மட்டுமே அறிவேன். அந்தச் செய்திகளுக்கான பாதுகாப்புச் சான்றிதழ்கள் பற்றி என்னைக் கேட்காதீர்கள், அதற்குத் தனி வல்லுநர்கள் உண்டு.

எளிய பாதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கால அட்டவணைக்கு உலகில் மிகப் பரவலானது ஜிடிஎஃப்எஸ். 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. காற்புள்ளியால் பிரித்த சில உரைக் கோப்புகள்தான், ஒரு ஜிப் (சுருக்கக்) கோப்பில் கட்டியிருக்கும். பேருந்து இப்போது எங்கே, எவ்வளவு தாமதம் என்பது போன்ற நேரடித் தகவலுக்கு அதன் வடிவம் ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம். ஐரோப்பாவில் அட்டவணைக்கு நெட்டெக்ஸ், நேரடித் தகவலுக்கு சிரி. இரண்டுக்கும் அடிப்படை டிரான்ஸ்மாடல் என்ற கருத்துரு மாதிரி, அதாவது எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்ற வரையறை. சாலை நிலவரத்தை மையங்கள் பரிமாறிக்கொள்ள டேடெக்ஸ் 2. அமெரிக்காவில் சிக்னல் கருவிகளோடும் சாலையோரத் தகவல் பலகைகளோடும் பேச என்டிசிஐபி குடும்பம். வாடகை மிதிவண்டிக்கு ஜிபிஎஃப்எஸ். இவை ஒன்றோடொன்று போட்டியிடுபவை அல்ல, பெரும்பாலும் வேறு வேறு வேலைக்கானவை. மிதிவண்டி நிலையத்தில் எத்தனை வண்டி மிச்சம் என்பதை டேடெக்ஸில் திணிக்க முயல்வது வீண் உழைப்பு. ஆக, நான்கு நிறுவனங்களுக்கும் ஒரே தரநிலை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அவரவர் துறையில் பரவலாக இருக்கும் ஒன்றை அவரவர் பின்பற்றட்டும்.

இனி மற்ற பாதி. சாலைத் துறையும் ஒரு வழிகாட்டிச் செயலி நிறுவனமும் ஒரே சாலைக்கு "சராசரி வேகம்" அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே வடிவம், ஒரே அலகு. ஒரு கிலோமீட்டர் சாலையில் இரண்டே வண்டிகள்: ஒன்று மணிக்கு 20 கி.மீ., மற்றது 80 கி.மீ. சாலையில் பதித்த உணரி, தன்னைக் கடக்கும் வண்டிகளின் வேகத்தைக் கூட்டி எண்ணிக்கையால் வகுக்கும். 50 என்று சொல்லும். செயலி நிறுவனம் பயண நேரத்தைப் பார்க்கிறது. ஒரு வண்டிக்கு 3 நிமிடம், மற்றதற்கு முக்கால் நிமிடம், சராசரி 1.875 நிமிடம். அதை வேகமாக மாற்றினால் 32. ஒரே சாலை, ஒரே கணம், ஒரே பெயர் கொண்ட புலம் (தரவில் ஒரு மதிப்பை எழுதும் இடம்), இரண்டு விடைகள். இரண்டும் சரி. முதலாவது ஓர் இடத்தில் நின்று பார்க்கும் சராசரி, இரண்டாவது தூரத்தின் மீதான சராசரி. சாலை சீராக ஓடும்போது இரண்டும் நெருங்கியிருக்கும். வேகங்கள் கலைந்து நெரிசல் தொடங்கும்போது விலகும். அதாவது, உங்களுக்குத் தரவு மிக அவசியமான வேளையில்தான் இரண்டும் முரண்படும். இதை அறியாமல் இரண்டையும் அட்டவணையின் ஒரே நெடுவரிசையில் போட்டு "ஒருங்கிணைத்துவிட்டோம்" என்று அறிக்கை எழுதிய குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அறிக்கையை நம்பி ஒரு சாலையை விரிவாக்கலாமா வேண்டாமா என்று ஒருவர் முடிவெடுப்பார் என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இல்லாததும் பூச்சியமும் ஒன்றாகிப்போவது இதைவிட ஆபத்தானது. நான் பணியாற்றிய ஒரு மையத்தில் உணரித் தரவைப் புதிய வடிவத்துக்கு மாற்றினோம். பழைய முறையில் உணரி பழுதானால் மைனஸ் 1 வரும். புதிய வடிவத்தின் விதிப்படி வண்டி எண்ணிக்கை 0க்குக் கீழே போகக் கூடாது. மாற்றும் நிரலை எழுதியவன் நான்தான். மைனஸ் 1ஐ 0 ஆக்கிவிட்டேன். சரிபார்ப்பில் ஒரு பிழைகூட வரவில்லை. எண்ணிக்கையைப் பார்த்து சிக்னல் நேரத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருளோ, அந்தப் பக்கம் வண்டியே இல்லை என்று எடுத்துக்கொண்டு பச்சை நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. சந்திப்பில் நின்ற போக்குவரத்துக் காவலர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லும் வரை எங்களுக்குத் தெரியாது. அன்றிலிருந்து எந்தப் புலத்தைப் பார்த்தாலும் "இது தெரியாதபோது என்ன அனுப்புவீர்கள்?" என்பதே என் முதல் கேள்வி. நல்ல தரநிலைகள் இதற்குத் தனி எண் ஒதுக்குகின்றன. வண்டிகள் ரேடியோவில் பரப்பும் செய்திகளில், அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வெளியிட்ட ஜே2735 தரநிலைப்படி 8191 என்றால் வேகம் தெரியவில்லை என்று பொருள். ஐரோப்பாவின் தொலைத்தொடர்புத் தரநிலை நிறுவனமான எட்சியின் தரநிலையில் அதற்கு 16383. உங்கள் திரையில் மணிக்கு 590 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி பறந்தால், யாரோ இந்த எண்ணை வேகமாகவே படித்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள்.

அந்த இரண்டு தரநிலைகளையும் அருகருகே வைத்துப் படிப்பது இந்தத் துறைக்கு நல்ல பயிற்சி. இரண்டும் ஒரே நோக்கத்துக்கானவை, உள்ளடக்கமும் ஏறக்குறைய ஒன்று. ஜே2735இல் வேகத்தின் அலகு நொடிக்கு 0.02 மீட்டர், எட்சியில் 0.01 மீட்டர். 1000 என்ற எண் வந்தால் முன்னதில் அது மணிக்கு 72 கி.மீ., பின்னதில் 36. திசைக்கு முன்னதில் 0.0125 பாகை, பின்னதில் 0.1 பாகை. ஆகவே 900 என்பது ஒன்றில் ஏறக்குறைய வடக்கு, மற்றதில் நேர் கிழக்கு. இவையெல்லாம் ஆவணத்தில் தெளிவாக இருக்கின்றன, பெருக்கிச் சரிசெய்துவிடலாம். அவ்வளவு எளிதில் கண்ணில் படாத வேறுபாடு ஒன்று உண்டு. வண்டியின் இருப்பிடம் என்று ஜே2735 சொல்வது வண்டியின் நடுப்புள்ளியை. எட்சி சொல்வது முன்பக்கத்தின் நடுப்புள்ளியை. 12 மீட்டர் பேருந்தில் இது 6 மீட்டர் வித்தியாசம். பேருந்து நிறுத்தக் கோட்டைத் தாண்டிவிட்டதா இல்லையா என்பதை முடிவு செய்ய 6 மீட்டர் மிக அதிகம். இதைச் சரிசெய்ய அலகு மாற்றம் போதாது, வண்டியின் நீளமும் திசையும் தெரிந்தாக வேண்டும்.

நேரத்திலும் இதே கதைதான். ஜிடிஎஃப்எஸில் நள்ளிரவு தாண்டி ஓடும் பேருந்து, அதிகாலை 1:35க்கு வந்தால் 25:35:00 என்று எழுதப்படும். அது முந்தைய நாளின் சேவையைச் சேர்ந்தது என்பதால் அப்படி. மணி 23க்கு மேல் போகக் கூடாது என்று நினைக்கும் எந்த நிரலும் கடைசிப் பேருந்துகளைப் பிழை என்று தள்ளிவிடும். பாதிக்கப்படுபவர்கள் இரவுப் பணி முடித்து வீடு திரும்புபவர்கள். அவர்கள் புகார் எழுதுவதும் குறைவு, ஆகவே பிழை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். இன்னொன்று எட்சி செய்திகளின் நேரம். அது 2004 ஜனவரி 1 தொடங்கி அணுக் கடிகார முறைப்படி மில்லிநொடிகளாக எண்ணப்படுகிறது. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகச் சாதாரணக் கடிகாரத்தில் இடையிடையே சேர்க்கப்படும் லீப் நொடிகளையும் அது சேர்த்தே எண்ணுகிறது. 2004க்குப் பிறகு 5 லீப் நொடிகள் சேர்ந்துள்ளன. இதைக் கணக்கில் கொள்ளாமல் சாதாரணக் கடிகார நேரமாக மாற்றினால் 5 நொடி பிசகும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி அதற்குள் 139 மீட்டர் போய்விடும்.

இடத்தைக் குறிப்பதைப் பற்றியே தனியாக ஒரு பதில் எழுதலாம். அகலாங்கு நெட்டாங்கு கொடுத்துவிட்டால் போதும் என்றுதான் எல்லாரும் தொடங்குவார்கள். ஆனால் எந்த ஆள்கூற்று முறையில்? சீனாவில் பொதுவில் வெளியாகும் வரைபடங்கள் அரசு விதிப்படி பின்பற்றும் ஜிசிஜே-02 முறை, உலகப் பொதுவான டபிள்யூஜிஎஸ் 84இலிருந்து சில நூறு மீட்டர்வரை வேண்டுமென்றே விலக்கப்பட்டது. ஆஸ்திரேலியா அமர்ந்திருக்கும் நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 7 செ.மீ. நகர்வதால், அங்கே 1994ஆம் ஆண்டு முறைக்கும் 2020ஆம் ஆண்டு முறைக்கும் இடையே சுமார் 1.8 மீட்டர் இடைவெளி. வண்டி எந்தத் தடத்தில் ஓடுகிறது என்று சொல்ல வேண்டிய அமைப்புக்கு 1.8 மீட்டர் என்பது பக்கத்துத் தடம். ஆள்கூறுகளை விட்டுக் குறியீட்டுக்குப் போனாலும் தொல்லை தீராது. வானொலி வழிச் சாலைச் செய்திகளுக்காக வந்த டிஎம்சி முறையில், அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே இடக்குறியீட்டு அட்டவணையின் ஒரே பதிப்பை வைத்திருக்க வேண்டும். அந்தச் சுமையைத் தவிர்க்க வந்தது ஓப்பன்எல்ஆர். சாலையின் வகை, திசை, நீளம் போன்ற அடையாளங்களை அனுப்பி, பெறுபவர் தம் வரைபடத்திலேயே அந்தச் சாலைத் துண்டைத் தேடிக்கொள்ளும்படி செய்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் தேடல் சில சமயம் பக்கத்து இணைச்சாலையில் போய் நிற்கும். எத்தனை விழுக்காடு சரியாகப் பொருந்துகிறது என்பதை உங்கள் வரைபடத்தில் நீங்களே அளந்து பார்க்க வேண்டும்.

"நிறுத்தம்" என்ற சொல்லைப் பாருங்கள். இதைவிடத் தெளிவான சொல் போக்குவரத்தில் உண்டா? டிரான்ஸ்மாடலைப் பின்பற்றும் நெட்டெக்ஸில் அது குறைந்தது மூன்று பொருள்கள்: அட்டவணை போடுபவர் மனத்தில் இருக்கும் புள்ளி, தரையில் இருக்கும் நடைமேடை, பல நடைமேடைகளைச் சேர்த்த நிறுத்தத் தொகுதி. ஜிடிஎஃப்எஸில் அட்டவணைப் புள்ளியும் நடைமேடையும் ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன. சாலைப் பணிக்காக நடைமேடையை 50 மீட்டர் தள்ளி வைத்தால், நெட்டெக்ஸில் அட்டவணையைத் தொடாமல் நடைமேடையை மட்டும் மாற்றலாம். ஜிடிஎஃப்எஸில் அது நிறுத்தமே மாறியது போல ஆகிவிடும். நெட்டெக்ஸிலிருந்து ஜிடிஎஃப்எஸுக்கு இறங்கலாம், அதே வழியில் முழுமையாகத் திரும்ப ஏற முடியாது. எனவே நான் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்ளும் விதி: வந்த மூலத் தரவை வந்தபடியே சேமித்து வையுங்கள். மாற்றிய வடிவம் எப்போது வேண்டுமானாலும் மறுபடி கிடைக்கும், தொலைத்த மூலம் கிடைக்காது. நார்வேயில் என்டூர் என்ற அரசு நிறுவனம் நாடு முழுமைக்கும் ஒரே நிறுத்தப் பதிவேட்டை வைத்து, உள்ளே நெட்டெக்ஸாகப் பராமரித்து, வெளியே நெட்டெக்ஸ், ஜிடிஎஃப்எஸ் இரண்டையும் தருகிறது. விரிவானதை உள்ளே வைத்துச் சுருக்கியதை வெளியே கொடுக்கும் அந்த வரிசை சரியானது என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பதிவேட்டின் பெரிய பலன் வடிவத்தில் இல்லை, நிலையான அடையாள எண்ணில் இருக்கிறது. பல நிறுவனங்களின் மென்பொருள், அட்டவணையை ஒவ்வொரு முறை வெளியிடும்போதும் நிறுத்தங்களுக்கும் பயணங்களுக்கும் புது எண் போட்டுவிடும். அட்டவணைக் கோப்பு முறைப்படி சரியாகவே இருக்கும். நேரடித் தகவலோ நேற்றைய எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டும் தனித்தனியே சரிபார்ப்பில் தேறும், சேர்த்தால் ஒன்றும் பொருந்தாது. பயணியின் கைபேசியில் பேருந்து காணாமல் போகும்.

தரநிலையைப் பின்பற்றுகிறோம் என்று ஒருவர் சொன்னால் அதை எவ்வளவு நம்பலாம்? நெட்டெக்ஸ் மிகப் பெரியது. இருவர் அதன் வேறு வேறு பகுதிகளைப் பயன்படுத்தி, இருவருமே விதிப்படி நடந்து, ஒருவர் தரவை மற்றவர் படிக்க முடியாமல் போகலாம். இதனால்தான் பயணிகள் தகவலுக்கு எந்தெந்தப் பகுதி வேண்டும் என்று வரையறுக்கும் ஐரோப்பியச் சுருக்கவுரு ஒன்றைத் தனியே உருவாக்க வேண்டியிருந்தது. என்டிசிஐபியிலும் விருப்பத்துக்கு விடப்பட்ட கூறுகள் ஏராளம். ஆகவே ஒப்பந்தத்தில் "என்டிசிஐபிக்கு இணக்கமானது" என்ற ஒரு வரி எழுதினால் பயனில்லை. எந்தத் தேவை கட்டாயம், எது விருப்பம் என்ற பட்டியலை நிரப்பி ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். கருவியை வாங்கிய பிறகு அந்தப் பட்டியலைக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

இதுவரை சொன்னவை அளந்தோ ஆவணத்தைப் படித்தோ நீங்களே உறுதி செய்துகொள்ளக்கூடியவை. இனி வருவது கருத்து. எல்லா வடிவங்களையும் ஒரு பொது மாதிரிக்கு மாற்றி, அங்கிருந்து மற்றவற்றுக்கு மாற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கணக்கு ஆசை காட்டும்: 10 வடிவங்களை நேருக்கு நேர் மாற்ற 90 மாற்றிகள் வேண்டும், நடுவில் ஒரு பொது மாதிரி இருந்தால் 20 போதும். ஆனால் நடு மாதிரி எல்லாரின் நுணுக்கத்தையும் தாங்க வேண்டும் என்றால் அது பெருத்துக்கொண்டே போகும். தாங்காவிட்டால் எல்லாருடைய தரவும் அதன் அளவுக்குக் குறுகும். ஐந்தாறு வடிவங்கள் மட்டும் இருக்கும் இடத்தில் எது தேவையோ அதற்கு நேரடி மாற்றியே மேல் என்று நினைக்கிறேன். என்னோடு பணியாற்றிய அனுபவசாலிகள் சிலர் இதில் மாறுபடுகிறார்கள், அவர்கள் வாதத்திலும் நியாயம் உண்டு. புலங்களின் பெயரைப் பார்த்துத் தானாகப் பொருத்தும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பற்றியும் கேட்பீர்கள். பெயர்ப் பொருத்தத்தில் அவை நேரத்தை மிச்சப்படுத்தும். மேலே சொன்ன 50க்கும் 32க்கும் உள்ள வேறுபாடோ, வண்டியின் நடுவா முன்பக்கமா என்பதோ கோப்பில் எங்கும் எழுதப்படவில்லை என்றால், எந்தக் கருவியும் அதை அங்கிருந்து படித்தெடுக்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்று. தரவு ஒத்துப்போகத் தொடங்கினால் ஒன்றோடொன்று இணைப்பதும் எளிதாகும், தனிமனிதர்களைத் தொடர்வதும் எளிதாகும். 2013இல் வெளியான ஆய்வொன்று, 15 லட்சம் பேரின் கைபேசி இருப்பிடத் தரவில், நேரமும் இடமும் கொண்ட 4 புள்ளிகள் இருந்தாலே 95 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று காட்டியது. பெயரை நீக்கிவிட்டோம் என்பது போதாது. மிதிவண்டிப் பயணத் தரவையும் மெட்ரோ அட்டைத் தரவையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் முன், தனித்தனிப் பயணங்கள் உண்மையில் தேவையா, மணிவாரியான மொத்த எண்ணிக்கை போதாதா என்று கேளுங்கள். பின்னால் நீக்குவது கடினம்.

எங்கே தொடங்குவது? நான்கு நிறுவனங்களையும் ஓர் அறையில் உட்காரவைத்துத் தரநிலை ஆவணங்களைப் பிரிக்காதீர்கள். ஒரே ஒரு பயன்பாட்டை எடுங்கள். உதாரணமாக, மெட்ரோவில் இறங்குபவருக்கு அடுத்த பேருந்து எப்போது என்று காட்டுவது. அதற்கு 20, 30 புலங்கள்தான் தேவைப்படும். ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: யார் அளக்கிறார், எங்கே, எந்த அலகில், எந்தக் கடிகாரத்தில், தெரியாதபோது என்ன வரும், பொருள் மாறினால் யார் யாருக்கு எத்தனை நாள் முன்னதாகச் சொல்வார். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே இருக்காது. அதற்கு ஒரு பெயரையும் பதவியையும் எழுதி வாங்குவதுதான் என் அனுபவத்தில் மிக நீண்ட நாள் பிடித்த வேலை. பிறகு ஒரு வாரத் தரவை வைத்துக்கொண்டு, இரண்டு நாள் இரண்டு நிறுத்தங்களில் போய் நின்று, வந்த பேருந்துகளைக் கையால் குறித்து ஒப்பிடுங்கள். எந்தச் சரிபார்ப்பு நிரலும் காட்டாததை அந்த இரண்டு நாள் காட்டும்.

அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் பேருந்து நிறுவனத்தின் ஒரு நாள் நேரடித் தகவலில் உள்ள பயண எண்களில் எத்தனை, அதே நாள் அட்டவணைக் கோப்பில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்த விழுக்காட்டையும், பொருந்தாத எண்கள் நாள் முழுவதும் பரவியிருக்கின்றனவா, நள்ளிரவை ஒட்டி மட்டும் குவிகின்றனவா என்பதையும் கீழே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.